முத்திரை உடையாத பெட்டிகள்

ஒருபோதும் பயன்படாத பொருளுக்கு ஆயுள் முழுக்கக் காவல் இருப்பவன் உண்மையில் எதைக் காக்கிறான்? பொருளையா, அதை வாங்கியவர்களின் மானத்தையா, தன் பிழைப்பையா? ரஹூமாவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. அவரை நல்லவர் என்றோ வீரர் என்றோ சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. கோழை என்று காறித் துப்பியவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் அவர் வீட்டில் டீ குடித்தவர்கள்தான்.

பேரீச்சைத் தோட்டக்காரர் ஒருவரின் கடைசி மகன் அவர். தோட்டம் அண்ணன்மாருக்கே போதாது என்பதால் ராணுவத்தில் சேர்ந்தார். எண்ணெய்ப் பணம் பெருக்கெடுத்து வந்த காலம் அது. டாங்கி ஓட்டக் கற்றுக்கொள்ள அவரைப் பனி கொட்டும் ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். பனியில் டாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குள் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக டாங்கிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஓட்டத் தெரிந்தவர்களைவிட டாங்கிகள் அதிகம். எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் வெட்டவெளியில் அவற்றை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிறுத்தியவை நிறுத்தியபடியே இருந்தன. காற்று மணலைக் கொண்டுவந்து சக்கரங்கள் வரை குவித்தது. வெயிலில் ரப்பர் வெடித்து உதிர்ந்தது. ஆய்வுக் குழு வருகிறது என்று தெரிந்தால் மணலைத் தட்டாமல் அப்படியே மேலே ஒரு பூச்சு வண்ணம் அடிப்பார்கள். அடுத்த முறை அதன் மேல் இன்னொரு பூச்சு. சில டாங்கிகளின் மேல் கையை வைத்தால் வண்ணமும் மணலும் சேர்ந்து ரொட்டித் தோல்போல உரிந்து வரும்.

ஓட்டுவதற்கு எதுவும் இல்லாத ஓட்டுநரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆடு மேய்ப்பவன் ஆட்டைத் தெரிந்து வைத்திருப்பதுபோல அந்தக் கிடங்கின் பெட்டிகளை அவர் தெரிந்து வைத்திருந்தார். ஒரு மூலையில் பெரிய மரப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் அச்சடித்திருந்த படம் என்னவென்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை. பனியில் வழுக்காமல் இருக்க டயரில் சுற்றும் சங்கிலி அது. விற்றவன் பட்டியலைக் காட்டியிருக்கிறான், வாங்கியவன் எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று சொல்லியிருக்கிறான்.

“நம்ம ஊர்ல பனி பெய்யுற அன்னைக்கு நாமதான் ராஜா” என்று ரஹூமா சிரிக்காமல் சொல்வார். அவர் வேடிக்கையாகப் பேசிக் கேட்டது அது ஒன்றுதான்.

கிடங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் நாட்டில் எந்த ராணுவப் பொருளும் ஓரிடத்தில் முழுதாக இருக்காது. டாங்கி இங்கே இருந்தால் அதன் பேட்டரி வடக்கே மலையில் இருக்கும். குண்டு கிழக்கே, வேறொரு படைப்பிரிவின் காவலில் இருக்கும். மேலே இருந்தவர்களுக்கு எதிரியைவிடத் தங்கள் சொந்தப் படையின் மேல்தான் பயம். முழுதாக ஒரு பொருள் கையில் கிடைத்தால் எவனாவது அதைத் தலைநகரை நோக்கித் திருப்பிவிடுவான் என்ற பயம். அதனால் வாங்கியதையெல்லாம் பிரித்தார்கள். துப்பாக்கியில் தொடங்கிய பிரிப்பு, பழகிப்போய், சமையல் அடுப்பு வரை வந்தது. ராணுவ ஜெனரேட்டர்களைக்கூட விடவில்லை. எஞ்சின் ஓரிடம், மின்பெட்டி ஓரிடம், எஞ்சினுக்கு டீசல் ஏற்றும் பம்பு ஓரிடம். அந்தப் பம்புகள் ரஹூமாவின் கிடங்கில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி அளவுதான் இருக்கும்.

ஒவ்வொரு பெட்டியின் கொண்டியிலும் மெல்லிய கம்பி கோத்து, அதன் முனையில் ஈயக் குமிழ் ஒன்றை வைத்து நசுக்கி முத்திரை போட்டிருப்பார்கள். நசுக்கும் குறடு தலைநகர் திரிப்போலியில், ஆய்வுக் குழுவிடம் இருக்கும். முத்திரை உடையவில்லை என்றால் உள்ளே இருப்பது ஆயத்தமாக இருக்கிறது என்று பொருள். உள்ளே எலி இருந்தாலும், துரு இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதுதான் பொருள். ஆய்வுக் குழு வரும், முத்திரைகளைப் பார்க்கும், ஆட்டிறைச்சியும் பார்லி களியும் வயிறு நிறையச் சாப்பிடும், போகும். எந்தப் பெட்டியையும் அவர்கள் திறந்து பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

ரஹூமாவுக்கு முன்னால் அங்கே காவலராக இருந்தவர் பஷீர். ஒரு தடவை தெற்குக் காற்று நாள்கணக்கில் வீசியதில் மணல் அறுத்து, ஒரு கம்பி தானாகவே அற்றுவிட்டது. பஷீர் நேர்மையானவர். தாமே போய்ச் சொன்னார். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தபோது முன்பற்கள் இல்லை. பிறகு சாகும்வரை சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வீடு வீடாக ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பிழைத்தாள்.

அதற்குப் பிறகுதான் ரஹூமா முத்திரைகளுக்குத் துணி கட்டத் தொடங்கினார். தெற்குக் காற்று எழும்பும் அறிகுறி தெரிந்ததுமே கிடங்குக்குள் போய் ஒவ்வொரு முத்திரையையும் துணியில் பொதிந்து கட்டுவார். காற்று அடங்கியதும் அவிழ்த்து, மென்மையான தூரிகையால் தூசியைத் துடைப்பார். துணியைக் கொடுத்தது அவர் மனைவி ஸாலிமா. கிழிந்த தலையணை உறைகளையும் பழைய சட்டைகளையும் வெட்டிக் கொடுப்பாள்.

“மனுஷா, எனக்கு ஜுரம் வந்தப்போ நெத்தியில ஒரு துணி போட்டியா நீ? உன் பெட்டிக்கு மட்டும் தலைப்பாகை கட்டிவிடுற” என்பாள்.

“உனக்கு முத்திரை இல்லையே.”

“எனக்கு முத்திரை நீதான். அதான் உடையாம இருக்கேன்.”

அவர்களுக்கு ஒரே மகள். கடற்கரை நகரம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். வீட்டில் இவர்கள் இருவர்தான். ஸாலிமாவின் தம்பி அய்யாத் அடுத்த தெருவில் இருந்தான். பிக்கப் வண்டி வைத்துக் காய்கறி ஏற்றிப் பிழைத்தவன். முன்கோபக்காரன். ஆனால் அக்கா என்றால் உயிர்.

வெளிநாடுகள் எங்கள் மேல் தடை போட்ட பிறகு வந்த ஆண்டுகளில் ஸாலிமாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் எந்திரங்கள் இருந்தன. வாரத்தில் மூன்று தடவை போய்ப் படுத்துக்கொள்வாள். கை நரம்பில் ஊசி குத்துவதற்காக அறுவை செய்திருந்த இடம் ரத்தம் பாயும் வேகத்தில் எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். ரஹூமாவின் விரலை அங்கே வைத்து, “உள்ள தேனீ வளக்குறேன், தேன் வந்ததும் சொல்றேன்” என்பாள். எந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். எங்கள் ஊர் மின்சாரம் வெயில் ஏறினால் படுத்துவிடும். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியைத் தாங்கியது ஒரு ஜெனரேட்டர். பிரித்து வைக்கும் சட்டம் வருவதற்கு முன்னால் முழுதாக வந்து இறங்கியவற்றில் ஒன்று அது. எங்கள் ஊரில் முழுதாக இருந்த ராணுவப் பொருள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கோடை தொடங்கும்போது அது நின்றது.

ஆஸ்பத்திரி மெக்கானிக் இத்ரீஸ் சூடான்காரர். ஜெனரேட்டர் அறைக்குள் அவர் பம்பைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். ஸாலிமாவை அழைத்துவந்த ரஹூமாவும் அய்யாத்தும் வாசலில் நின்றார்கள்.

“இதுக்கு மேல இதைத் தட்டிக்கொட்ட முடியாது. உள்ள தேஞ்சு போச்சு. டீசல் ஏறல” என்றார் இத்ரீஸ்.

“வெல்டிங் வெச்சுப் பாரேன்” என்றான் அய்யாத்.

“உன் நெஞ்சு தேஞ்சு போனா வெல்டிங் வெப்பியாடா?”

“சரி, புதுசு வாங்கு.”

“வாங்கலாமே. திரிப்போலில கேட்டேன். தடைன்னான். கடலுக்கு அந்தப் பக்கம் மால்ட்டாவுல எவனையோ கேக்கச் சொன்னான். மால்ட்டாக்காரன், உங்க நாட்டுப் பேரைக் கேட்டதும் போனை வெச்சிட்டான். வேற யாரைக் கேக்கட்டும், சொல்லு?”

ரஹூமா குனிந்து பம்பைக் கையில் எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கைக் கட்டைவிரலால் துடைத்துத் தகட்டில் இருந்த எழுத்தைப் பார்த்தார். புரட்டினார். மறுபடியும் பார்த்தார். அத்தனை ஆண்டுகளாகத் தூரிகையால் துடைத்த பெட்டிகளின் மேல் இருந்த அதே படம், அதே எழுத்து.

“இது எங்கிட்ட இருக்கு” என்றார்.

“எது?” என்றார் இத்ரீஸ்.

“இதேதான். அடுக்கடுக்கா இருக்கு.”

இத்ரீஸ் சத்தமாகச் சிரித்தார். “தாகத்துல செத்தவன் கிணத்து மேல படுத்திருந்தானாம்.”

“அப்புறம் என்ன மச்சான்? வண்டியை எடுக்கட்டுமா?” என்றான் அய்யாத்.

“கேட்டு வாங்கணும்.”

“யார்கிட்ட?”

“கேட்டு வாங்கணும்” என்று மறுபடியும் சொன்னார் ரஹூமா.

கிடங்குக்கு அதிகாரி கேப்டன் வனீஸ். கிழக்கத்திக்காரர். கெட்டவர் அல்ல. தம்மைவிட மூத்த ரஹூமாவை ‘ஹாஜி’ என்றுதான் அழைப்பார், அவர் ஹஜ்ஜுக்குப் போனதே இல்லை என்றாலும். ரஹூமா சொல்லி முடிக்கும்வரை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். நுரை அடங்கிப்போயிற்று.

“ஹாஜி, நீங்க கேக்குறது ஒரு பம்புதான். ஆனா கொடுக்கணும்னா என் தலையைச் சேத்துக் கொடுக்கணும்.”

“ஆஸ்பத்திரிக்கு சார். என் வீட்டுக்காரிக்கு மட்டும் இல்ல. அங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க.”

“தெரியுது. அது போருக்குன்னு வெச்சிருக்குற இருப்பு.”

“போர் எப்ப சார்?”

“அதை எதிரிகிட்டதான் கேக்கணும்.” சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார் கேப்டன். ரஹூமா சிரிக்கவில்லை என்று கண்டதும் கூசிப்போய் இன்னொரு கோப்பை டீயை அவர் பக்கம் தள்ளினார். “மேல எழுதுறேன். சத்தியமா எழுதுறேன்.”

எழுதவும் செய்தார். அதில் பொய் இல்லை. பதில் வருவதற்குள் கோடை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் எல்லா நோயாளிகளையும் முடிக்க வேண்டியிருந்ததால் ஆளுக்குக் கொடுக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். ஸாலிமாவின் முகம் வீங்கியது. மூச்சு வாங்கியது. அய்யாத் அவளைப் பிக்கப்பில் ஏற்றி ஸப்ஹா நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான். பாலைவனச் சாலையில் பாதி நாள் பயணம். அங்கேயும் கூட்டம். சில நாள்கள் படுக்கை கிடைக்கும். சில நாள்கள் வாசலோடு திரும்பி வருவார்கள்.

ஒருநாள் கேப்டன் ரஹூமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“பதில் வந்திருக்கு ஹாஜி. உக்காருங்க. அவசரம்னா ஆஸ்பத்திரிக்கு ராணுவ ஜெனரேட்டர் கொடுக்கலாம்னு சட்டமே இருக்கு. எனக்கே இப்பதான் தெரியும். நல்ல சட்டம்.”

ரஹூமா உட்காரவில்லை.

“ஆனா முழு ஜெனரேட்டரா கொடுக்கணுமாம். தனி உறுப்பு கொடுக்கச் சட்டத்துல இடம் இல்லையாம்.”

“முழு ஜெனரேட்டர் எங்க சார் இருக்கு?”

“எங்கயும் இல்ல. நாமதானே பிரிச்சோம்.”

“அப்ப யாராவது சேக்கச் சொல்லணும்.”

“சேக்கச் சொல்றவன் படை தெரட்டுறான்னு அர்த்தம் ஹாஜி. அந்த உத்தரவுல எவன் கையெழுத்துப் போடுவான்? நீங்களே சொல்லுங்க.”

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஓட்டை இல்லை. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தின படியிலிருந்து சரியாகவே வருகிறது. பயந்தவன் பிரித்தான். பிரித்ததைச் சேர்ப்பது குற்றமாயிற்று. சேராதது பொருளே இல்லை என்றாயிற்று. பொருளே இல்லாததை எப்படிக் கொடுப்பது? பிழை இல்லாத தர்க்கம் என்பதால்தான் அதை யாராலும் திருத்த முடியவில்லை. பிழை அதற்கு வெளியே இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தது.

அய்யாத் இந்த மாதிரி யோசிக்கிறவன் அல்ல.

“ஒரு கம்பி மச்சான். உங்க வீட்டுல கோழிக்கூடு கட்டுற கம்பி அதைவிடத் தடிமனா இருக்கும். அதை அறுக்கத் தைரியம் இல்ல உனக்கு” என்று தெருவில் வைத்தே கத்தினான்.

“மெதுவாப் பேசு.”

“ஏன்? முத்திரைக்குக் காது கேக்குமா? காத்தடிச்சா அதுக்குத் துணி கட்டுவ. எங்க அக்கா வீங்கிக் கெடக்கா, அவளுக்கு என்ன கட்டுவ?”

“பஷீரை உனக்குத் தெரியும்தானே.”

“தெரியும். பஷீர் போனான், வந்தான். எங்க அக்கா போனா வருவாளா?”

ரஹூமா வீட்டுக்குள் போனார். உள்ளே ஸாலிமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே இருந்த அய்யாத்தின் காதில் விழும்படி, உள்ள மூச்சையெல்லாம் சேர்த்துச் சொன்னாள்:

“டேய், எங்க வீட்டு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பிட்டு என்னை யாருடா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவா? உன் பொண்டாட்டியா? அவளுக்கு என் மூஞ்சியைப் பாத்தாலே ஆகாது.”

பிறகு ரஹூமாவிடம் மெதுவாகச் சொன்னாள்: “அதைத் தொடாத. பஷீர் பொண்டாட்டி மாவு பெசைஞ்ச கையை நான் பாத்திருக்கேன். நான் போனாலும் நீ சுவத்தைப் பாத்து உக்காரக் கூடாது.”

மனைவி தடுத்ததால்தான் அவர் செய்யவில்லை என்று பின்னால் ஊரில் சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவர் பயந்தார் என்பதும் உண்மை. அதை மறைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. அந்த நாள்களில் ஒரு மதியம் அவர் பம்புப் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றதை ஒரு சிப்பாய் பார்த்திருக்கிறான். சட்டைப் பையில் கம்பி வெட்டும் குறடு இருந்தது. கம்பியைத் தொட்டார். பிறகு தூரிகையை எடுத்து, தூசியே இல்லாத முத்திரையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார்.

கோடையின் கடைசியில் ஒருநாள், ஸாலிமாவின் ரத்தம் எந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. அந்த மாதிரி நேரத்தில் எந்திரத்தின் கைப்பிடியைக் கையால் சுற்றி, வெளியே இருக்கும் ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நர்ஸ் சுற்றினாள். அவள் கை ஓய்ந்ததும் இத்ரீஸ் சுற்றினார். பிறகு ரஹூமா சுற்றினார். குழாய்க்குள் ரத்தம் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே சுற்றினார். பாதி திரும்பியது. மீதி குழாயிலேயே உறைந்தது. அன்று அவள் பிழைத்தாள். “கெணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி என்னைய இறைக்கிறீங்களேப்பா” என்று கேலிகூடச் செய்தாளாம். ஆனால் அதற்குப் பிறகு அவளால் எழுந்து நடக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஸப்ஹா சாலையில், அய்யாத்தின் வண்டியில், ரஹூமாவின் தோளில் சாய்ந்தபடியே இறந்துபோனாள். காலை நேரம். ராணுவச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றிருந்தது. சிப்பாய் அடையாள அட்டைகளைக் கேட்டான். ரஹூமா இரண்டு அட்டைகளையும் எடுத்துக் கொடுத்தார். அவன் ஸாலிமாவின் அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “தூங்குறாங்களா ஹாஜி?” என்று கேட்டான். அப்போதுதான் ரஹூமாவும் திரும்பிப் பார்த்தார்.

துக்க நாள்களில் கேப்டன் வனீஸ் வந்தார். உண்மையாகவே வருந்தினார். ரஹூமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ்வோட நாட்டம் ஹாஜி. நம்மால ஆனதை எல்லாம் செஞ்சோம்” என்றார். ரஹூமா தலையாட்டினார். அய்யாத் எழுந்து வெளியே போய்விட்டான். மச்சான் பக்கம் அவன் திரும்பவே இல்லை. உறவு அன்றோடு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம்.

துக்கம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் காலையில் ரஹூமா கிடங்கைத் திறந்தார். பெருக்கிக்கொண்டிருந்த சிப்பாய்களைப் போகச் சொல்லவில்லை. பம்புப் பெட்டிக்குப் போனார். குறட்டை எடுத்துக் கம்பியை வெட்டினார். ஈயக் குமிழ் தரையில் விழுந்து உருண்டது. பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதம் சுற்றி, நேற்றுச் செய்ததுபோல, பம்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்தார். மூடியைத் திரும்ப வைத்தார். பம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வழியாகவே நடந்து போனார். காவலுக்கு நின்றவன் சல்யூட் அடித்தான்.

ஆஸ்பத்திரியில் இத்ரீஸ் அவர் கையில் இருந்ததைப் பார்த்தார். காகிதத்தைப் பிரித்தார். அவர் கேட்டது ஒரே வார்த்தைதான்.

“இப்பவா?”

“பொருத்து” என்றார் ரஹூமா.

எஞ்சின் ஓடும் சத்தம் கேட்கும்வரைகூட அவர் அங்கே நிற்கவில்லை. கிடங்குக்குத் திரும்பிப் போய், திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கேப்டன் வந்து பார்த்தபோது எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

“ஹாஜி, என்ன ஹாஜி இது?” என்றாராம் கேப்டன். கிட்டத்தட்ட அழுகிற குரலில். “மூடுங்க. கம்பியை ஏதாவது பண்ணி முறுக்கி வைங்க. நான் பாக்கல.”

“நீங்க பாத்துட்டீங்க சார்.”

அந்த ஜெனரேட்டர் பிறகு பல ஆண்டுகள் ஓடியது. மீதிப் பம்புகள் அப்படியே இருந்தன. ஆட்சி கவிழ்ந்த ஆண்டில் கிடங்கை உடைத்தவர்கள் அவற்றைப் பனிச் சங்கிலிகளோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார்கள். டாங்கிகளை அந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லாம் கிளப்பப் பார்த்தார்கள். கிளம்பவில்லை. வானத்திலிருந்து குண்டு போட்ட வெளிநாட்டுக்காரர்கள் அவை கிளம்பாது என்று தெரியாமல் போட்டார்கள். இப்போது அங்கே ஆடு மேய்கிறது. பல ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து வந்த பிறகு ரஹூமா அண்ணன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு இருந்தார். குறைவாகப் பேசினார். சுவரைப் பார்த்து உட்காரவில்லை.

அவர் அத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்திருக்க வேண்டியதே இல்லை. விசாரித்த மேஜர் அரீபி ஸாலிமாவின் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவளுக்குத் தம்பி மகன் முறை. திரிப்போலியில் விசாரணை அறைக்குச் சாட்சியாக அய்யாத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே அவர்கள் மூவர் மட்டும். மேஜர் பேனாவை மூடி மேசை மேல் வைத்தார் என்று அய்யாத் சொன்னான்.

“மாமா, பேனாவை மூடிட்டேன். இப்ப நான் பேசுறது உறவுக்காரனா. பொண்டாட்டி சாகக் கெடக்கா, புருஷன் புத்தி தடுமாறி ஒரு பம்பை எடுத்துட்டான். இதுக்கு வேலையை விட்டுத் தூக்குவாங்க. அதோட சரி. இப்படி ஒரு காரணத்தை எந்த நீதிபதியும் புரிஞ்சுக்குவான். எல்லாரும் பொண்டாட்டி வெச்சிருக்கவன்தான்.”

ரஹூமா மேசை மேல் இருந்த பேனாவைப் பார்த்தார்.

“ஆனா பொண்டாட்டி செத்து, அடக்கமும் பண்ணினதுக்கு அப்புறம், கேக்க ஆள் இல்லாத நேரத்துல, ஊரே பாக்க ராணுவ இருப்பை உடைச்சு வெளிய கொடுத்தார்னா அது தடுமாற்றம் இல்ல மாமா. அதுக்குப் பேர் வேற. அது தலைமைக்கு எதிரான செயல். அதுக்கு என்ன கொடுப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். பாத்த பசங்க எல்லாரும் நம்ம பசங்க. போன மாசம்னு சொல்லச் சொன்னா சொல்லுவானுங்க. அந்த சூடான்காரரும் சொல்றேன்னுட்டார். உங்க கேப்டனும் சரின்னுட்டார். நீங்க மட்டும்தான் பாக்கி.”

துக்க வீட்டிலிருந்து எழுந்து போனதற்குப் பிறகு அய்யாத் அவரிடம் பேசியதே இல்லை. அன்று பேசினான். “மச்சான், நான் உன்னை என்னென்னவோ சொன்னேன். அதை விடு. அவளுக்காகத்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ உசுரோட இருந்தப்போ எடுத்தேன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம். வா, வீட்டுக்குப் போவோம்.”

ரஹூமா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை என்றான் அய்யாத். அழுகையும் இல்லை. பிறகு மேஜரின் பக்கம் திரும்பினார்.

“பேனாவைத் தெறங்க தம்பி.”

மேஜர் திறந்தார்.

“எழுதுங்க. அடக்கம் முடிஞ்சு, துக்கம் முடிஞ்சு, வேலைக்குத் திரும்பின அன்னைக்குக் காலைல எடுத்தேன். அவ இருந்தப்போ எடுக்கல.”